ஜன்னலில் நின்றது நான்தான்

அந்த நாற்காலி வேணாம்மா, ஒரு கால் ஆடுது. இங்க என் பக்கத்துல வந்து உட்காரு. பையை என்கிட்ட குடு. எத்தனை மாசம்? ஆறா? நல்லது, நல்லது. முதல் தடவையா வீட்டு வேலைக்கு மெய்ட் எடுக்குறே? முகத்தைப் பாத்தாலே தெரியுது. நானும் இப்படித்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ஏஜென்சிக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போய் வந்தேன்.

இப்ப நான் புது ஆள் எடுக்க வரல. எங்க சகாயராணிக்கு ஒப்பந்தம் முடியுது. அதோ, அந்தக் கண்ணாடி அறையில முதுகு தெரியுது பாரு, பச்சை சுடிதார், அவதான். திரும்ப என்கிட்டயே இருக்காளா, வேற வீட்டுக்குப் போறாளா, இல்ல ஊருக்கே போயிடுறாளான்னு அவளைத் தனியா வெச்சுக் கேக்குறாங்க. நான் பக்கத்துல இருந்தா மனசு விட்டுப் பேசமாட்டாளாம். அதனால என்னை வெளிய உட்காரச் சொல்லிட்டாங்க. நியாயம்தானே? நியாயம்தான். எனக்கு ஒண்ணும் பதற்றமெல்லாம் இல்லம்மா. உன் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னா, குளிருது. ஏர்கான் ஜாஸ்தி.

தோட்டம் வெச்ச வீட்டுக்காரங்க ஒருத்தர் இவளை ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. மாதா கோயில்ல பாத்துப் பழக்கமாம். அங்க போனா தனி ரூம். எங்க வீட்டுல இவளுக்கு ரூம் இருக்கு, ஆனா அதுல பாதி இடத்தை என் மகனோட பழைய டிரம் செட் அடைச்சுக்கிட்டு இருக்கு. அவன் வெளிநாட்டுல, பெர்த் நகரத்துல இருக்கான். டிரம் இங்க இருக்கு.

என் பேரு தனபாக்கியம். ஒரு மருத்துவமனையில பதிவு கவுன்டர்ல உட்கார்ந்தே தலை நரைச்சவ. ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருந்தாப் போதும், திருப்பி அனுப்பிடுவேன். ரத்தம் சொட்டிக்கிட்டு வந்தாக்கூட... சே, அப்படியெல்லாம் இல்ல. ரத்தம் சொட்டுனா விட்டுடுவேன். மத்தவங்களை விடமாட்டேன். எனக்குப் பின்னாடி ‘தனபாக்கியம் இல்ல, தடைபாக்கியம்’னு சொல்லுவாங்களாம். ஓய்வு பெற்ற அன்னைக்கு கேக் வெட்டும்போது ஒருத்தி சிரிச்சுக்கிட்டே சொன்னா. நானும் சிரிச்சேன். கேக்கைத் தட்டோட ஓரமா வெச்சுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. ஒண்ணு ரெண்டு வார்த்தை வரும், அதுவும் அவருக்கு இஷ்டம் இருந்தா. என்னால அவரைத் தூக்க முடியாது. அப்பதான் மகன் ஃபோன்ல சொன்னான், “அம்மா, மெய்ட் எடுத்துக்குங்க, ஆனா எல்லாத்தையும் சட்டப்படி செய்யுங்க, பேப்பர்ல என்னென்னமோ வருது”ன்னு. என்கிட்ட வந்து சட்டப்படின்னு சொல்றான் பாரு!

முதல் தடவை மெய்ட் எடுக்குறவங்களுக்கு ஒரு பாடம் உண்டு, கடைசியில கேள்வி கேப்பாங்க. நீயும் படிச்சிருப்பியே? பாஸா? ஒரே தடவையிலயா? கெட்டிக்காரி. நான் முழு மார்க் வாங்கினேன். ரெண்டாவது தடவையில. முதல் தடவை ஓய்வு நாள் கேள்வியில தப்பு விட்டுட்டேன். பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள் எப்போன்னு கேட்டிருந்தாங்க. ‘வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு’ன்னு ஒரு விடை இருந்துச்சு. அது எனக்கு ரொம்ப சரியாப் பட்டுச்சு. தட்டிட்டேன். என் வாழ்க்கையில நான் தவறின ஒரே பரீட்சை அதுதான். அப்புறம் உட்கார்ந்து அந்தப் பாடத்தை எழுத்தெழுத்தா மனப்பாடம் பண்ணினேன் பாரு, வேலை பெர்மிட் குடுக்குற அந்த அரசாங்க அமைச்சுல வேலை பாக்குறவங்களுக்குக்கூட அவ்வளவு தெரிஞ்சிருக்காது.

சகாயராணி தேவகோட்டைப் பக்கம். புருஷன் இல்ல. வந்த அன்னைக்கு, பையை இறக்கி வெச்ச உடனே பாஸ்போர்ட்டை எடுத்து என்கிட்ட நீட்டுறா. “நீங்களே வெச்சுக்கங்கக்கா, நான் தொலைச்சுருவேன்”ங்கிறா. நான் பாம்பைப் பாத்த மாதிரி ரெண்டடி பின்னால போயிட்டேன். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கக் கூடாது, சட்டம்! “என்கிட்ட காட்டாதே, உள்ள வை, உள்ள வை!”ன்னு கத்திட்டேன். அவ பயந்துபோயிட்டா. என்னமோ தீட்டுப் பொருளை எடுத்து நீட்டிட்டோம்போலன்னு நினைச்சுக்கிட்டாளாம். அப்புறமா சொன்னா. அன்னைக்கே பூட்டு வெச்ச பெட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டப்போ அவளாப் பேச ஆரம்பிச்சா. “எனக்கு ஒரே மகக்கா, அவளைக் கட்டிக் குடுத்த எடத்துல...” அப்படின்னு. நான் உடனே கையைக் காட்டி நிறுத்திட்டேன். “அதெல்லாம் உன் அந்தரங்கம். முதலாளி அதுல தலையிடக் கூடாது. நீ என்கிட்ட சொல்ல வேண்டியதில்ல”ன்னேன். எவ்வளவு பெருந்தன்மையா இருக்கோம்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. அவ தலையாட்டிட்டு ரசத்தை ஊத்திச் சாப்பிட்டா.

முதல் ஓய்வு நாள் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை. காலையில அவ வழக்கம்போல அடுப்படியில நிக்கிறா. “நீ ஏன் இங்க நிக்கிறே? இன்னைக்கு உனக்கு லீவு. கிளம்பு”ன்னேன். “எங்கக்கா போறது?”ங்கிறா. “எங்க வேணா போ. வேலை மட்டும் செய்யக் கூடாது.” “சும்மா இங்கனயே இருக்கேனேக்கா.” “சும்மா இருக்கேன்னு சொல்லுவே, அப்புறம் ஒரு தட்டைக் கழுவுவே. சட்டம்மா சட்டம். கிளம்பு.” நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு லிஃப்ட்ல இறங்கிப் போனா.

போனவ எங்க போனா தெரியுமா? எங்கேயும் போகல. எங்க புளோக்குக்குக் கீழேயே, சைக்கிள் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உட்கார்ந்துட்டா. நான் ஒன்பதாவது மாடி ஜன்னல்லேருந்து பாக்குறேன், அவ உச்சந்தலை தெரியுது. மத்தியானம் பாக்குறேன், அதே உச்சந்தலை. வர்றவங்க போறவங்க எல்லாம் அவளைப் பாத்துட்டு நிமிந்து மாடியைப் பாக்குறாங்க. அடிச்சுத் துரத்திட்டேன்னுதானே நினைப்பாங்க? எனக்கு மானம் போகுது. மாதா கோயில் எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா பஸ் நம்பர் சொல்லியிருக்க மாட்டேனா? அவ கேக்கல. கேக்காததை நான் எப்படிச் சொல்றது?

அதுக்கு நடுவுல இவரு வேற. நான் கஞ்சியைக் கொண்டு போனா வாயைத் திறக்கல. சகாயராணி ஊட்டினா வாங்குவார், நான் ஊட்டினா பல்லை இறுக்கிக்குவார். கல்யாணமான நாள்லேருந்து என் சமையலைச் சாப்பிட்ட வாய்! சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் அவளுக்கு ஃபோன் பண்ணினேன், “வேலைக்குக் கூப்பிடல, சும்மா மேல வந்துட்டுப் போ”ன்னு. வந்தா. ஊட்டினா. அவர் முழுக் கிண்ணத்தையும் குடிச்சார். எனக்கு உடனே மனசு உறுத்த ஆரம்பிச்சுடுச்சு, ஓய்வு நாள்ல வேலை வாங்கிட்டோமேன்னு. அதுக்கு ஈடா செவ்வாய்க்கிழமை லீவு குடுத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே பெஞ்சுல போய் உட்கார்ந்தா.

சிரிக்கிறே. சிரிம்மா, புள்ளைக்கு நல்லது.

அப்புறம் பக்கத்து மாடியில ஒரு பொண்ணோட பழகி, மாதா கோயிலுக்கெல்லாம் போக ஆரம்பிச்சுட்டா. ஒரு வருஷம் நல்லாப் போச்சு. நாளைக்கே அமைச்சுலேருந்து யாராவது வந்தாலும் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வந்தாங்க.

தீபாவளிக்கு முன்னாடி வீடு சுத்தம் பண்ணினோம். ஜன்னல் வெளிப்பக்கம் ஒரே புறா எச்சம். உனக்குத் தெரியுமே, மெய்டை வெளிப்பக்கம் துடைக்க விடுறதா இருந்தா ஜன்னலோட கம்பிக் கதவு பூட்டியிருக்கணும், வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூடவே நின்னு பாத்துக்கணும். எங்க கம்பிக் கதவு துருப்பிடிச்சு மூட முடியாமக் கிடக்கு. ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணியிருக்கலாம். இப்ப தோணுது. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, மெய்ட் துடைச்சாத்தானே தப்பு? வீட்டுக்காரி துடைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

நைட்டி ஒண்ணு வெச்சிருக்கேன், சுத்தம் பண்ற நாளுக்குன்னே. முதுகுல ஒரு கிழிசல். தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, இடுப்பு வரைக்கும் வெளிய நீட்டிக்கிட்டுத் துடைக்கிறேன். பின்னால சகாயராணி நிக்கிறா. என் மருமக குடுத்த நல்ல சுடிதார் போட்டிருக்கா, காதுல தோடு. என் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, “அக்கா வேணாம்க்கா, இறங்குங்கக்கா, மாதாவே!”ன்னு அழுவுறா. நான் “நீ தள்ளி நில்லு, ஜன்னல் பக்கம் வராதே, சட்டம்!”னு கையை நீட்டிக் கத்துறேன். அவ என் இடுப்பைப் பிடிக்கிறா. நான் தட்டிவிடுறேன்.

எதிர் புளோக்குல யாரோ இதைப் படம் எடுத்துட்டாங்க.

மறுநாள் காலையில ஃபோன்ல, எங்க கோயில் தோழிகள் குழுவுல கோமளா ஒரு வீடியோ அனுப்புறா. ‘பணிப்பெண்ணை உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் முதலாளி’ன்னு போட்டிருக்கு. அதுல ஒரு பாவப்பட்ட கிழவி கிழிஞ்ச துணியோட அந்தரத்துல தொங்கிக்கிட்டு ஜன்னல் துடைக்கிறா. பின்னால நல்லா உடுத்தின ஒருத்தி அவளைப் பிடிச்சுத் தள்ளுற மாதிரி தெரியுது. கோமளா எழுதியிருக்கா, ‘இந்த வயசுல ஒரு அம்மாவை இப்படி வேலை வாங்குறாளே, இவ நல்லாயிருப்பாளா?’ நானும் எழுதினேன். ‘இவளையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும். சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?’ அப்படின்னு நல்லா நாலு வரி எழுதி அனுப்பிட்டு, இன்னொரு தடவை பாக்குறேன். திரைச்சீலை. மயில் போட்ட திரைச்சீலை. அது நான் தேக்கா மார்க்கெட்டுல பேரம் பேசி வாங்கின திரைச்சீலை!

உண்மையைச் சொல்றேன்மா. ‘ஐயோ, கேஸ் ஆயிடுமே’ன்னு எனக்கு முதல்ல தோணல. ‘நான் மெய்ட் மாதிரியா இருக்கேன்?’னுதான் தோணுச்சு. நேரா போய்க் கண்ணாடியில பாத்தேன். பக்கவாட்டுல திரும்பிப் பாத்தேன். பின்னால தெரியல.

அடுத்த வாரம் அந்த வீடியோவைப் பாத்துட்டு அமைச்சுலேருந்து வந்து கதவைத் தட்டுறாங்க. ஒரு தமிழ்ப் பொண்ணு, ஒரு சீன ஆளு, கழுத்துல அட்டை. அன்னைக்கும் சுத்தம் பண்ற நாள், அதே கிழிஞ்ச நைட்டியோட நான்தான் கதவைத் திறந்தேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்து ரொம்பக் கனிவா, “பயப்படாதீங்கம்மா. உங்க முதலாளி வீட்டுல இருக்காங்களா?”ன்னு கேக்குது.

எனக்கு வந்துச்சு பாரு கோபம். “நான்தான் முதலாளி!”ன்னேன். அந்தப் பொண்ணு அந்த ஆளைப் பாக்குது. அவர் என் நைட்டியைப் பாக்குறார். உள்ளேருந்து சகாயராணி வர்றா, கையில இவருக்குக் காப்பி, காதுல தோடு. ரெண்டு பேரும் அவளைப் பாத்து, “மேடம்”ங்கிறாங்க.

அப்புறம் அடையாள அட்டையெல்லாம் காட்டினேன். ஆனா வீடியோவுல இருக்குறது நான்தான்னு எப்படி நிரூபிக்கிறது? முகம் தெரியல அதுல. ‘மெய்டைக் காப்பாத்திக்க இந்தம்மா பொய் சொல்லுது’ன்னு நினைச்சுட்டா? பெர்மிட்டை ரத்து பண்ணிட்டா? இவளைக் கூட்டிட்டுப் போயிட்டா? இவரு அங்க நாற்காலியில உட்கார்ந்து காப்பிக்கு வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு இருக்கார். யார் ஊட்டுவா? ஓடிப்போய் அதே துண்டை எடுத்துத் தலையில கட்டிக்கிட்டேன். ஸ்டூலைப் போட்டேன். ஜன்னல் பக்கம் போகல, நடு ஹால்லதான். ஏறி, குனிஞ்சு, அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, “இப்பப் பாருங்க! அந்தக் கிழிசல் இருக்கா? அதே ஆள்தானே?”ன்னேன். அந்தச் சீன ஆளு ஃபோனைத் தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணால வீடியோவையும் ஒரு கண்ணால என்னையும் பாத்துட்டு, “யெஸ், சேம்”னார். அரசாங்க அதிகாரி ஒருத்தர் என் பின்பக்கத்தைப் பாத்து உறுதிப்படுத்தினது இந்த ஜென்மத்துல அதுதான் முதல் தடவை.

அந்தத் தமிழ்ப் பொண்ணு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. அப்புறம் முகத்தை இறுக்கிக்கிட்டு, “ஆன்ட்டி, விழுந்தா ஒன்பது மாடிதான், முதலாளிக்கும் அதே ஒன்பது மாடிதான். அந்தக் கம்பிக் கதவை முதல்ல சரி பண்ணுங்க”ன்னுச்சு. சரின்னேன். அப்புறம் சகாயராணிகிட்ட தனியாப் பேசணும்னு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் கதவுகிட்ட போய் நின்னேன். ஒட்டுக் கேக்கல. அங்க கொஞ்சம் தூசி இருந்துச்சு, தட்டினேன். ஒண்ணும் கேக்கல, டிரம் செட்டு மேல யாரோ இடிச்சுக்கிட்ட சத்தம்தான்.

வெளிய வந்து அந்தப் பொண்ணு சொல்லுச்சு, “ஒரு குறையும் சொல்லல ஆன்ட்டி. சம்பளம், சாப்பாடு, லீவு எல்லாம் சரியா இருக்காம்.” நான் நிமிந்து உட்கார்ந்தேன். “ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்ககிட்ட கேட்டாங்க. முதலாளிகிட்ட சொந்த வீட்டுக் கதையைப் பேசினா இந்த ஊர்ச் சட்டப்படி தப்பான்னு கேட்டாங்க. தப்பில்லன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிட்டு அவங்க போயிட்டாங்க. நான் அந்தத் துண்டைத் தலையிலேருந்து அவிழ்க்காமலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்மா.

எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. அந்தரங்கத்துல தலையிடாதேன்னு பாடத்துலதானே சொல்லியிருந்தாங்க? நானாவா சொன்னேன்? இல்ல, பாடத்துல வேற என்னமோ சொல்லி, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோ? முழு மார்க் வாங்கினவ எப்படித் தப்பாப் புரிஞ்சுக்குவேன்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தப்போ கேட்டேன். கேக்கத் தெரியல எனக்கு. கவுன்டர்ல கேக்குற மாதிரிதான் வந்துச்சு. “உன் மக பேரு என்ன? வயசு?” அவ நிமிந்து பாத்தா. “ஆரோக்கியச்செல்விக்கா. இருபத்திரண்டு”ன்னா. “எப்படி இருக்கா?” அவ்வளவுதான். சகாயராணி கையில வெச்சிருந்த சோத்தை உருட்டிக்கிட்டே அழ ஆரம்பிச்சுட்டா.

மகளுக்குத் தலைப் பிரசவம். மாசமாயிருக்கான்னு தெரிஞ்சதே எனக்கு அப்பதான். மாமியார் வீட்டுல படுக்கையில கிடக்குற ஒரு பெரியவரைப் பாக்கவே ஆள் இல்ல. பிரசவத்துக்குப் பக்கத்துல இருக்க அம்மாவை விட்டா யாரும் இல்ல. அந்தம்மா இங்க எங்க வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கா.

“ஏன் நீ கேக்கல?”ன்னேன். “ஒப்பந்தம் முடியலையேக்கா. அதுக்கு முன்னாடி லீவு கேட்டா தப்புன்னு நினைச்சேன்.” நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் தெரியுமா? “ஆமா, ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு”ன்னு சொல்ல வந்தேன். சத்தியமா அதைத்தான் சொல்ல வந்தேன். “ஆமா, ஒப்பந்...” வரைக்கும் வந்துடுச்சு. இவர் இடது கையால மேசையில ஓங்கி ஒரு அடி அடிச்சார். தண்ணி டம்ளர் கவுந்துடுச்சு. “போ”ங்கிறார். “போ!” என்னைத்தான் எழுந்திருச்சுப் போகச் சொல்றார்னு நினைச்சு நான் எழுந்து நின்னுட்டேன். அவர் அவளைப் பாத்துச் சொன்னார்.

போனா. ஒரு மாச லீவு, டிக்கெட் நான்தான் எடுத்தேன். பிறக்கப்போற புள்ளைக்குத் துணிமணி வாங்கிக் குடுத்தேன். விமான நிலையத்துல, “வந்துடுவியா?”ன்னு கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடுமோன்னு கேக்கல. அவளும் சொல்லல. கோமளா ஃபோன்ல சொல்றா, “அவ எங்க வரப்போறா? பேரப்புள்ள முகத்தைப் பாத்தவ எவ திரும்பி வந்திருக்கா?”ன்னு. பட்டுன்னு ஃபோனை வெச்சுட்டேன்.

அந்த ஒரு மாசம் இருக்கே. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சலீம் காலையிலயும் ராத்திரியும் வந்து இவரைத் தூக்கி உட்கார வைப்பார், படுக்க வைப்பார். மத்ததெல்லாம் நான்தான். குளிப்பாட்டி, துடைச்சு, மாத்தி, கஞ்சி காய்ச்சி. ஆனா வாயைத் திறக்கணுமே மனுஷன்! ரெண்டு வாய் வாங்குவார், அப்புறம் இறுக்கிக்குவார். “ஆங், ஆங், இன்னும் பாதி இருக்கு, முடிங்க, மருந்து நேரம்”னு நான் கரண்டியைத் தூக்கிக்கிட்டு நிப்பேன். அவர் சுவரைப் பாப்பார். மெலிஞ்சே போயிட்டார். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை மகன் கூப்பிட்டு, “அம்மா, நீங்க ஒருநாள் ஓய்வு எடுத்துக்குங்க”ன்னான். யார்கிட்டடா லீவு கேக்குறதுன்னேன்.

மருந்து வாங்க அவரைச் சக்கர நாற்காலியில வெச்சு மருத்துவமனைக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். நல்ல மழை. நான் நனைஞ்சு, சேலை முழங்காலுக்கு ஏறி, தலையில பிளாஸ்டிக் பை. பதிவு கவுன்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. என்னை மாதிரியே, கண்ணைத் தூக்கிப் பாக்கல. “நோயாளிக்கு நீங்க யாரு? ஹெல்ப்பரா? முதலாளி கையெழுத்து வேணுமே. முதலாளி பேரு?” அப்படின்னு.

இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவ நான். நல்லாத் திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன். என்னமோ ஒரு அசதி. கோபம் வரல. “முதலாளி பேரு ராஜமாணிக்கம். இதோ உட்கார்ந்திருக்கார். ரொம்பக் கெடுபிடியான ஆளு. சம்பளமே குடுக்குறதில்ல. நாப்பது வருஷமா லீவும் குடுக்கல”ன்னேன்.

பின்னால ஒரு சத்தம். மூச்சு அடைச்சுக்கிச்சோன்னு பதறித் திரும்பினேன். சிரிக்கிறாரும்மா. பாதி வாய் கோணிக்கிட்டு, கண்ணுல தண்ணி கொட்ட, உடம்பு குலுங்குது. படுத்ததுக்கப்புறம் நான் பாத்த முதல் சிரிப்பு அது. எனக்கும் வந்துடுச்சு. அந்தக் கவுன்டர் பொண்ணு பாவம், கையெழுத்து வாங்கணுமா வேணாமான்னு முழிக்குது.

அன்னைக்குச் சாயங்காலம் கஞ்சியைக் கையில வெச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணு மாதிரி நடிச்சுக் காட்டினேன். அப்புறம் எங்க ஆபீஸ் கேக் கதையைச் சொன்னேன், என் பட்டப்பேரை எல்லாம். நான் அவர்கிட்ட அதுவரைக்கும் சொன்னதே இல்ல. கிண்ணம் காலியானதே தெரியல. கரண்டி தட்டுற சத்தம் கேட்டுத்தான் குனிஞ்சு பாத்தேன்.

வந்துட்டாம்மா, சகாயராணி. லீவு முடியுற தேதிக்கு ஒருநாள் முன்னாடியே வந்துட்டா. பேரன் பிறந்திருக்கான். உள்ள வந்தவ, நான் ஊட்ட அவர் வாங்கிச் சாப்பிடுறதைப் பாத்துட்டு வாசல்லயே பையோட நின்னுட்டா. “அப்ப நான் வேணாமாக்கா?”ன்னா. ஏண்டி இப்படிக் கேக்குறேன்னு அவளைத் திட்டினேன். திட்டிக்கிட்டே அடுப்படிக்குப் போயி, குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் ராத்திரிச் சாப்பாடு முடியவே மணி பத்தாயிடும். அவ மக கதை, மாமியார் கதை, தேவகோட்டைக் கதை. இவர் நடுவுல “ம்” கொட்டுவார். இப்ப அந்த ஊர்ல யார் வீட்டுல யார் யாரோட பேசுறதில்லன்னு எனக்கு எல்லாம் தெரியும்.

அதோ, எழுந்திருச்சுட்டா. கைகுலுக்குறாங்க. கைகுலுக்கினா என்னம்மா அர்த்தம்? போறான்னா, இருக்கான்னா? தோட்டம் வெச்ச வீட்டுக்காரங்க நல்லவங்கதான். அங்க போனா அவளுக்கு நல்லதுதான். நான் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சட்டம்... சட்டத்தை விடு. இரு, வர்றா.

என்னடி, என்ன சொன்னே? கையெழுத்துப் போட்டுட்டியா? எதுல? எங்களதுலயா? நிஜமாவா? நீ உட்காரு, மொதல்ல உட்காரு. இந்தப் பொண்ணுகிட்ட சும்மா பேசிக்கிட்டு இருந்தேன். நான் ஏன் அழுவுறேன், ஏர்கான்டி, கண்ணெல்லாம் எரியுது.

என்னது? ஒரு வருஷத்துக்கு மட்டுமா? ஏன், எல்லாரும் ரெண்டு வருஷம்தானே... ஓ. பேரன் நடக்க ஆரம்பிச்சு, உன்னை யாருன்னு கேக்குறதுக்குள்ள போயிடணுமா.

சரி. போகணும்தான். நியாயம்தான்.

அப்ப ஒண்ணு செய். அவரைக் கட்டில்லேருந்து தூக்கி நாற்காலியில உட்கார வைக்கிறே பாரு, அது மட்டும் எனக்கு இன்னும் வரல. முதுகைப் பிடிக்கிறதா, அக்குளைப் பிடிக்கிறதா, அதெல்லாம் ஒண்ணும் தெரியாது எனக்கு. அதை எனக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ. மெதுவாக் கத்துக் குடு, எனக்குச் சீக்கிரம் வராது. வா, இன்னைக்கே ஆரம்பிப்போம்.

வரேம்மா. உன் நம்பரைக் கூப்பிடுறாங்க பாரு, போ. மெதுவா எழுந்திரு.